அக்கா போனில் 41 விநாடி வெள்ளைத்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமீபத்தில் உங்கள் ஞாயிறு இதழில் கிராமங்களில் இணையம் ஏன் ஊர்ந்து வருகிறது என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. டவர் பற்றாக்குறை, கரண்ட் போனால் டவர் பேட்டரி இறங்கிப்போவது, சாயங்காலம் ஊரே ஒரே டவரில் தொங்குவது என்று உங்கள் நிருபர் எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையை உங்கள் இணையதளத்தில் படிக்க உட்கார்ந்த என் அக்கா 41 விநாடி வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 41-இல் பெரும்பங்கு டவர் கணக்கில் சேராது, உங்கள் கணக்கில்தான் சேரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை, நானும் அச்சுத் தொழிலில் இருந்தவன்தான்.

அக்கா இருப்பது அணைக்கரைப் பக்கம் ஒரு கிராமம். கும்பகோணத்தில் பஸ் ஏறித் திருப்பனந்தாள் வழியாகப் போக வேண்டும். பேப்பர் போடுகிற பையன் அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அதனால் போனில்தான் படிப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு முதலில் இரங்கல் செய்தி, அப்புறம் மாவட்டச் செய்தி, கடைசியில் ராசிபலன். கட்டுரை வந்த அன்று இரவு நான் அங்கேதான் தங்கியிருந்தேன். எட்டரை மணி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்தபடி போனை என் பக்கம் நீட்டினார்.

"என்னடா தம்பி, பேப்பர்காரன் கடையை மூடிட்டானா? வெள்ளையாவே நிக்குது."

நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு மறுபடி திறந்தேன். மேலே அந்த நீலக்கோடு மெதுவாக நகர்கிறது, பாதியில் நிற்கிறது, மறுபடி நகர்கிறது. பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. 41-ஆவது விநாடியில் தலைப்பு, படத்துக்கான சாம்பல் கட்டம், செய்தி எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. பூட்டிய கதவைத் திறந்ததும் உள்ளே நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவது மாதிரி.

அக்காவின் பிளானில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஹாட்ஸ்பாட் போட்டு ஆறு மணிக்குள் தீர்த்துவிடுவான். அதற்குப் பிறகு கம்பெனி லைனை அறுப்பதில்லை. விநாடிக்கு 64 கிலோபிட் என்று வேகத்தை இறக்கிவிடும். எட்டால் வகுத்தால் 8 கிலோபைட். அக்கா வீட்டில் ராத்திரி இணையம் என்றால் இதுதான், விநாடிக்கு 8 கேபி. அந்தத் தெருவில் பாதி வீடு இப்படித்தான்.

ஊர் திரும்பியதும் என் கம்ப்யூட்டரில் அதே கட்டுரையைத் திறந்து, எந்தெந்த ஃபைல் எவ்வளவு கனம் என்று எடை போட்டேன். கட்டுரையில் சுமார் நானூறு சொற்கள். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும், ஆங்கிலத்தைவிட அதிகம்தான். அப்படியும் எழுத்து மட்டும் 12 கேபி அளவில் நிற்கும். உங்கள் தளத்தை வைத்திருக்கிற கம்ப்யூட்டர், அதாவது சர்வர், அதைச் சுருக்கி அனுப்பும்போது நாலு கேபிகூட வராது. அதாவது உங்கள் நிருபர் அலைந்து திரிந்து எழுதிய செய்தி அக்காவின் போனுக்கு அரை விநாடியில் வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் செய்திக்கு எந்த நிறம், எந்த அளவு, எவ்வளவு ஓரம் என்று சொல்கிற ஸ்டைல்ஷீட்டுகள் மட்டும் ஐந்து. சுருக்கிய பிறகே 190 கேபி, விரித்தால் ஒரு எம்பிக்கு மேல். 190-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 24 விநாடி. ஆள் வாசலில் வந்து நிற்கிறார், சட்டை தைத்து முடிக்கும்வரை உள்ளே விட மாட்டேன் என்கிறோம்.

செய்திதான் வந்துவிட்டதே, அதைக் காட்டிவிட்டு அழகை அப்புறம் சேர்த்தால் என்ன என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பிரவுசரால் அது முடியாது, காரணம் இருக்கிறது. ஸ்டைல்ஷீட்டில் மேலே ஒரு வரி 'தலைப்பு கறுப்பு' என்று சொல்லும். ஆயிரம் வரி கழித்து இன்னொரு வரி 'மாவட்டப் பக்கத்தில் மட்டும் தலைப்பு சிவப்பு' என்று சொல்லலாம். பலத்தில் இரண்டும் சமம் என்றால் பின்னால் வந்த வரி முன்னால் வந்ததை அடிக்கும். கடைசி வரி என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமல் முதல் எழுத்தை வரைந்துவிட்டால் அழித்து மறுபடி வரைய வேண்டியிருக்கும், பக்கம் கண்முன்னே குதிக்கும். அதனால் தலைப்பகுதியில் சொல்லியிருக்கிற ஸ்டைல்ஷீட் முழுசாக வந்து சேர்கிறவரை பிரவுசர் ஒன்றையும் வரையாமல் காத்திருக்கும். படம் அப்படியில்லை. படம் வரும்வரை அதன் இடம் காலியாக இருக்கும், பக்கத்தில் இருக்கிற செய்தியைப் படித்துக்கொண்டே போகலாம்.

இந்த ஸ்டைல்ஷீட் யோசனையை முன்வைத்தவர் ஹோக்கன் வியும் லீ என்கிற நார்வேக்காரர், 1994 அக்டோபரில், செர்ன் என்கிற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது. பெர்ட் பாஸ் என்கிற டச்சுக்காரர் பிறகு சேர்ந்துகொண்டார். ஸ்டைல்ஷீட் எழுதுகிற மொழிக்கு சிஎஸ்எஸ் என்று பெயர், 1996 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு அதிகாரப்பூர்வமாக வந்தது. அந்த ஆரம்ப யோசனையில் பக்கத்தை எழுதுகிறவரின் விருப்பத்தோடு வாசிக்கிறவரின் விருப்பத்தையும் கலந்துதான் தோற்றம் அமைய வேண்டும் என்று இருந்தது. எங்கள் அக்காவை யாரும் கேட்கவில்லை.

நான் யார் என்று சொல்ல வேண்டும். 1979-இல் பதினைந்து வயதில் கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், கடை பில் புத்தகம், தேர்தல் வந்தால் துண்டுப்பிரசுரம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கம்போசிங் ஸ்டிக்கில் தலைகீழாகக் கோத்து, சட்டத்தில் இறுக்கி, டிரெடில் மிஷினில் ஏற்றுவோம். வெளியாட்களுக்கு அதோடு வேலை முடிந்த மாதிரி இருக்கும். எங்களுக்குக் கடைசி ஒரு மணி நேர வேலை பாக்கி இருக்கும். அச்சடித்து முடித்த எழுத்துகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தையும் கேஸ் என்கிற அறை அறையான பெட்டியில் அதனதன் அறைக்குள் திரும்பப் போட வேண்டும். பிரித்துப் போடுவது என்போம். அலுப்பான வேலை. எங்கள் ஃபோர்மேன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, "பிரிச்சுப் போட்டாச்சா?" என்று கேட்காமல் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். விட்டால் மறுநாள் காலை அடுத்த பத்திரிகைக்கு 'க' இருக்காது. 'திருமண அழைப்பித' வரைக்கும் கோத்துவிட்டு 'ழ்' இல்லாமல் முழித்த நாள் எனக்கே உண்டு.

வலைப்பக்க வேலையில் பிரித்துப் போடுவது என்ற ஒன்றே கிடையாது. ஒரு பொங்கல் மலர் போட வேண்டும் என்றால் அதற்கு நாற்பது வரி சேர்ப்பார்கள். பொங்கல் முடியும், நாற்பது வரி அப்படியே கிடக்கும். அறை காலியாகவில்லை என்று யாருக்கும் இடிக்காது, ஏனென்றால் அந்த அறை எழுதுகிறவரின் கடையில் இல்லை. அக்காவின் போனில் இருக்கிறது.

இங்கே ஒரு பழைய கதை. நான் வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தின வருடம், 1978-இல், எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டிருந்தது. பெரியார் 1935-இலேயே தன் குடிஅரசு பத்திரிகையில் பயன்படுத்தத் தொடங்கிய சீர்திருத்தத்திலிருந்து 13 வடிவங்களை அந்த ஆணை எடுத்துக்கொண்டது. ணா, றா, னா, பிறகு ணை, லை, ளை, னை, அப்புறம் ணொ, ணோ வகையறா. துதிக்கை தூக்கிய பழைய லை, சுழித்த பழைய றா இதற்கெல்லாம் அதுவரை தனித்தனி ஈய அச்சு வேண்டும், தனித்தனி அறை வேண்டும். இனி வேண்டாம் என்று ஆனது. ஆனாலும் எங்கள் ஃபோர்மேன் பழைய எழுத்துகளைத் தூக்கிப் போடவில்லை. யாராவது பழைய மாதிரியே வேண்டும் என்று கேட்டால்? ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி கேஸ் மேலேயே வைத்திருந்தார். ஐந்து வருடம் அந்த டின் எங்கள் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் பழைய ஈய வியாபாரிக்கு எடைக்குப் போட்டோம், அன்று எல்லாருக்கும் டீயும் மசால் வடையும்.

உங்கள் ஸ்டைல்ஷீட்டைத் திறந்தபோது எனக்கு அந்த டின் ஞாபகம்தான் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

ஈய எழுத்து அச்சு படுத்தபின் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற டிடிபிக்குப் போனேன், பேஜ்மேக்கர் காலம். அப்புறம் உள்ளூர்க் கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். 2017-இல் பெரிய கடைத் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்குப் போட்டேன். பித்தளை, வெண்கலம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. மொத்தமே ஏழு பக்கம். அந்த ஏழு பக்கத்துக்கு நான் ஏற்றி வைத்த ஸ்டைல்ஷீட்டுகள் விரித்த கணக்கில் 480 கேபி.

முதலில் பூட்ஸ்ட்ராப். 2011-இல் ட்விட்டரில் வேலை பார்த்த இரண்டு பேர் வெளியிட்ட தயார் ஸ்டைல்ஷீட் சரக்கு. நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். நான் எடுத்த மூன்றாம் பதிப்பு, இடைவெளிகளை நீக்கிச் சுருக்கிய ஃபைலே 121 கேபி. அதில் நான் பயன்படுத்தியது படங்களை வரிசையாக அடுக்கும் கட்டங்களும் ஒரே ஒரு பட்டனும். மிச்சமெல்லாம் நான் ஏறெடுத்தும் பார்க்காதவை. அடுத்து ஃபான்ட் ஆசம் என்கிற சின்னத் தொகுப்பு. போன் படம், வரைபடக் குறி, வாட்ஸ்அப் அடையாளம் என்று மூன்றே மூன்று சின்னத்துக்காக 31 கேபி ஸ்டைல்ஷீட்டும், அது இழுத்து வருகிற 77 கேபி எழுத்துரு ஃபைலும். அப்புறம் படங்கள் நகர ஒன்று, படங்கள் மினுமினுக்க ஒன்று. குத்துவிளக்கு எதற்கு மினுமினுக்க வேண்டும் என்று இப்போது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பாவம் தமிழ் எழுத்துரு. கம்பாசிட்டர் புத்தி. எழுத்து அழகாக வரவேண்டும், எந்த போனிலும் உடையக்கூடாது. அதனால் சாதாரணம் ஒன்று, தடிமன் ஒன்று என்று இரண்டு எழுத்துருக்களை ஸ்டைல்ஷீட்டுக்குள்ளேயே எழுத்துக் குவியலாக மாற்றிப் பொதிந்து வைத்துவிட்டேன். பேஸ்64 என்று அதற்குப் பெயர். 3 பைட் இருந்தால் 4 ஆகும், 90 கேபி எழுத்துரு 120 கேபியாக ஊதும். சர்வர் சுருக்கும்போது அந்த ஊதல் பெரும்பாலும் வடிந்துவிடும், அது இல்லை பிரச்சினை. தனி ஃபைலாக இருந்தால், எழுத்துரு வருகிறவரை போனில் இருக்கிற எழுத்தில் காட்டு என்று ஒரே வரியில் பிரவுசரிடம் சொல்லிவிடலாம். ஸ்டைல்ஷீட்டுக்குள் பொதிந்துவிட்டால் எழுத்துரு முழுக்க வந்து இறங்கும்வரை கதவு திறக்காது. இத்தனைக்கும் இப்போது ஆண்ட்ராய்டு போன்களில் படிக்கும்படியான தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. எழுத்துருவே அனுப்பாமல் விட்டிருந்தாலும் குத்துவிளக்கு குத்துவிளக்கு என்றுதான் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தானாகத் தெரியவில்லை. என் மகள் சென்னையில், ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில், இதே வேலைதான் பார்க்கிறாள். ஒரு தீபாவளிக்கு வந்தபோது என் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸ் உள்ளே போய், கவரேஜ் என்று ஒரு பலகையை எடுத்துக் காட்டினாள். பக்கத்தைத் திறந்ததும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பட்டை வரும். பயன்படாத பகுதி சிவப்பு. என் பட்டை எல்லாம் சிவப்பு. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வேறு நிறம். "அப்பா, தொண்ணூத்தி நாலு சதவீதம் சும்மா போகுது" என்றாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. பதினைந்து வயதில் ஒரு 'ழ்'-க்கு ஏங்கின ஆள், ஐம்பது வயதுக்கு மேல் இப்படி வாரி இறைத்திருக்கிறேன்.

பயன்படாத வரிகளைத் தானாகக் களைகிற கருவிகள் உண்டு என்று சொல்லி ஒன்றை ஓட்டிக் காட்டினாள். ஒரே நிமிடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவள் சென்னைக்குப் பஸ் ஏறியதும் நான் பெருமையாக அதை அப்படியே கடையின் தளத்தில் ஏற்றிவிட்டேன். கார்த்திகைத் தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது. விளக்கு வியாபாரத்துக்கு அந்த ஒரு வாரம்தான் வருடமே. மறுநாள் காலை கடை முதலாளி போன். "சார், மெனுவைத் தட்டினா ஒண்ணும் ஆகலையே. விலைப் பட்டியலுக்கே போக முடியல." நடந்தது இது. மெனு மூடியிருக்கும்போது அதற்கு ஒரு பெயர். தட்டினால், பக்கத்தை இயக்குகிற ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் 'மெனு', 'ஓபன்' என்ற இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரு புதுப் பெயர் வைக்கும், அந்தப் பெயருக்கான வரிதான் மெனுவை விரிக்கும். ஒட்டிய பெயர் ஃபைலில் எங்குமே முழுசாக எழுதப்பட்டிருக்காது. களைகிற கருவி தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, வேண்டாத வரி என்று பிடுங்கிப்போட்டது. கவரேஜ் பலகையும் அப்படித்தான். நான் தட்டிப் பார்க்காத மெனு அதற்குச் சிவப்புதான். களை என்று நினைத்து நாற்றைப் பிடுங்கின கதை. முதலாளி நல்ல மனிதர், பணத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க போனில் அவர் பெயர் வந்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

அதற்குப் பிறகு களைகிற வேலையை விட்டுவிட்டு, காலி ஃபைலிலிருந்து கையால் எழுதினேன். ஏழு பக்கத்துக்கும் என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் முதலில் எழுதிக்கொண்டேன். தலைப்பு இரண்டு அளவு, உடல் எழுத்து ஒன்று, விலை எழுத்து ஒன்று, நிறம் மூன்று, படக்கட்டம் ஒன்று, பட்டன் ஒன்று, மெனு. சின்னங்கள் மூன்றையும் கோட்டுப்படமாகப் பக்கத்திலேயே வரைந்துவிட்டேன், ஒவ்வொன்றும் சில நூறு பைட்தான். மொத்த ஸ்டைல்ஷீட் 17 கேபி, சுருக்கினால் ஐந்துக்குள். மூன்று நாள் வேலை. கடைக்கு வருகிறவர்களில் ஒருத்தர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. மினுமினுப்பு போய்விட்டதே என்று முதலாளியின் மகன் மட்டும் ஒருமுறை கேட்டான்.

சரி, இப்போது உங்கள் ஸ்டைல்ஷீட். நான் வரி வரியாகப் படித்தேன், ஓய்வாக இருக்கிறவனுக்கு வேறென்ன வேலை. உள்ளே 'பொங்கல்-2019' என்று ஒரு பகுதி இருக்கிறது, கரும்பு ஓரத்தோடு. 'தேர்தல்-2021' இருக்கிறது, ஒவ்வொரு கட்சிக்கும் நிறத்தோடு, முன்னிலை, வெற்றி என்று தனித்தனியாக. ஒரு கிரிக்கெட் புள்ளிப் பட்டியல். அதற்கெல்லாம் கீழே 'கொரோனா-டேபிள்'. 2020-இல் தொடங்கி மாவட்டவாரியாகத் தினமும் போட்டீர்களே, தொற்று இத்தனை, குணமடைந்தவர் இத்தனை, இறந்தவர் இத்தனை என்று, அந்த அட்டவணை. இறந்தவர் பத்திக்குச் சாம்பல் நிறம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அட்டவணையை உங்கள் தளத்தில் இப்போது தேடினால் கிடைக்கவில்லை. அதன் நிறமும் ஓரமும் மட்டும் இன்றைக்கும் ஒவ்வொரு வாசகர் போனுக்கும், ராசிபலன் பார்க்க வருகிற அக்கா போனுக்கும், போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. 2021 மே மாதம் அந்தப் பத்தியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு எண் இருந்தது.

உங்கள் ஆட்களைத் திட்ட நான் எழுதவில்லை. இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பையனிடம் தலைப்பை இரண்டு புள்ளி பெரிதாக்கு என்பீர்கள். பழைய வரியை மாற்றினால் வேறு எங்கே இடியும் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் கீழே புதிதாக ஒரு வரி எழுதி, பின்னால் 'இம்பார்ட்டன்ட்' என்று ஆச்சரியக்குறியோடு ஒரு முத்திரை குத்துவான். அந்த வரி மற்ற வரிகளை எல்லாம் அடித்துவிடும். ஆறு மாதம் கழித்து அவன் வேறு வேலைக்குப் போவான். அடுத்தவன் அதை அடிக்க இன்னொரு 'இம்பார்ட்டன்ட்' குத்துவான். உங்கள் ஐந்து ஃபைலிலும் சேர்த்து எண்ண ஆரம்பித்து, அறுநூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். டிடிபியிலும் இதே கூத்துதான். பேஜ்மேக்கர் ஸ்டைல் பட்டியலில் 'தலைப்பு', 'தலைப்பு-புது', 'தலைப்பு-கடைசி', 'தலைப்பு-கடைசி-இதுதான்' என்று இருக்கும். ஆனால் அந்தக் குப்பை எங்கள் கம்ப்யூட்டரோடு போயிற்று, வாசகர் கைக்குத் தாள் மட்டும்தான் போகும்.

விளம்பரங்களும் அவற்றின் ஸ்கிரிப்ட்டுகளும் ஸ்டைல்ஷீட்டைவிடக் கனம், அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துத் தொங்குகிறாரே என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் சொல்லக்கூடும். கனம்தான். 41-இல் மிச்சப் பதினேழு விநாடி அந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஆனால் விளம்பரம் உங்கள் சாப்பாடு, அதில் கை வைக்கச் சொல்ல நான் யார். அதோடு விளம்பரத்தைச் செய்திக்குப் பிறகு வரும்படி வைக்கலாம், தாமதமாக வந்தால் வாசகர் கோபிக்கப் போவதில்லை. 'கொரோனா-டேபிள்' யாருக்கும் சாப்பாடு இல்லை. ஒருமுறை வந்தால் போனில் தங்கிவிடுமே என்றும் சொல்லலாம். தங்கும், நீங்கள் ஃபைலின் பெயரை மாற்றாத வரை. நான் பார்த்த பத்து நாளில் உங்கள் பிரதான ஸ்டைல்ஷீட்டின் பெயர் மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறையும் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சர்வர் ஒரு புது லைனில் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டாது, லைன் தாங்குமா என்று தெரியாதல்லவா. முதல் நடையில் பத்துப் பொட்டலம் அனுப்பும். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தால் அடுத்த நடையில் இருபது. முன்பெல்லாம் முதல் நடைக்கு மூன்று நாலு பொட்டலம்தான். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6928 என்கிற நெறிமுறை ஆவணத்துக்குப் பிறகு பத்து ஆனது. ஒரு பொட்டலம் சுமார் 1460 பைட், பத்துக்கு 14 கேபிக்குச் சற்று மேல். செய்திப் பக்கத்தில் தலைப்பும் முதல் சில பத்திகளும் சரியாகத் தெரிய எந்த வரிகள் வேண்டுமோ அவற்றை மட்டும் பொறுக்கி, தனி ஃபைலாக இல்லாமல் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே எழுதிவிட்டால், செய்தியும் அதன் சட்டையும் அந்த முதல் நடையிலேயே ஏறிவிடும். நாலு கேபி செய்தி, ஐந்து கேபி ஸ்டைல், மிச்சம் பக்கத்தின் எலும்புக்கூடு. அக்கா போனில் இரண்டு மூன்று விநாடி. மீதி ஸ்டைல்ஷீட் பின்னால் மெதுவாக வந்து சேரட்டும்.

தேர்தல், பொங்கல், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபைல் போட்டு, அந்தந்தப் பக்கத்தில் மட்டும் கூப்பிடுங்கள். ஃபைலின் முதல் வரியில், எந்தத் தேதிக்கு மேல் இதைத் தூக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஒரு ஸ்டைல்ஷீட்டுக்குள்ளிருந்து இன்னொன்றைக் கூப்பிடுகிற வழக்கத்தை விடச் சொல்லுங்கள். உங்கள் பிரதான ஃபைல் வந்து சேர்ந்த பிறகுதான், இன்னும் ஒன்று வேண்டும் என்று பிரவுசருக்கே தெரிகிறது. அது இன்னொரு முறை போய் வர வேண்டும். அச்செடுக்கும் தோற்றத்துக்கான வரிகளைத் தனியாகப் பிரித்து, இது அச்சுக்கு மட்டும் என்று குறித்துவிட்டால் பிரவுசர் அதற்காகக் காத்திருக்காது. இவற்றில் எதற்கும் புதிதாகக் காசு செலவில்லை. ஒரு ஆள், ஒரு மாதம், வேறு வேலை கொடுக்காமல். எதைத் தூக்கினாலும் மெனுவைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கார்த்திகை வாரத்தில் ஏற்ற வேண்டாம்.

சோதிப்பதற்கு உங்கள் அலுவலக வைஃபை உதவாது. அதில் எல்லாம் பறக்கும். யாராவது ஒருவர் தன் போனில் அன்றைய டேட்டா தீர்ந்த பிறகு, இரவில், உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தால் போதும்.

ஆடிப்பெருக்குக்கு அக்கா வீட்டுக்குப் போவேன், கொள்ளிடக் கரையில் சித்ரான்னம் சாப்பிடுகிற வழக்கம் இன்னும் விடவில்லை. அன்றைக்கும் பேரன் ஆறு மணிக்குள் டேட்டாவைத் தீர்த்துவிடுவான், சந்தேகமில்லை. எட்டரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டு உங்கள் முகப்பைத் திறக்கிறேன். எத்தனை விநாடி என்று மறுநாள் ஒரு கார்டில் எழுதிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய கம்பாசிட்டர் ஒருவர்,
கும்பகோணம்